ஹாஜியார் உறைப்பு கேட்ட காலம்

என் அன்பு மகள் தர்ஷினிக்கும் மகன் சுதாகரனுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் அம்மாவையும் அந்தப் புது ரெஸ்டூரண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்களே, அங்கே நான் ஏன் அப்படிச் சிரித்தேன் என்று கேட்டீர்கள். வாய் நிறையச் சோறு இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து சொல்லலாம் என்றால் உங்கள் இரண்டு பேருக்கும் எப்போதும் அவசரம். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

தர்ஷினி போனைத் திறந்ததும் திரையில் சாப்பாட்டுப் பட்டியல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன மிளகாய்ப் படம். ஒரு மிளகாய், இரண்டு, மூன்று. சுதா மூன்றையும் அழுத்தினான். அழுத்திவிட்டு எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள்! அந்தப் பார்வையை நான் வேலை செய்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அதற்குத்தான் சிரித்தேன். பிறகு அவன் ஒரு போத்தல் தண்ணீரையும் தனியாகக் குடித்து முடித்ததற்குச் சிரித்தது வேறு.

"இனிமே ஓடர் எடுக்க ஆளே தேவையில்லப்பா, எல்லாம் போனே செய்யும்" என்று சொன்னாய், மகனே. இருக்கலாம். ஆனால் ஒரு மனிதன் "நல்லா ஒறப்பா வேணும்" என்று கேட்கும்போது அவன் உண்மையில் என்ன கேட்கிறான் என்று போனுக்குத் தெரியுமா? எனக்கே அதைப் படிக்க எவ்வளவோ காலம் போனது.

தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து மாத்தளை டவுனுக்கு வந்து, மெயின் வீதி ஹோட்டலில் தட்டுக் கழுவி, மேசை துடைத்து, தண்ணீர் வைத்துத் திரிந்த வருடங்களை விட்டுவிடுகிறேன். தட்டுக் கழுவியதைப் பற்றி என்ன எழுதுவது? மேசைக்கு ஓடர் எடுக்க என்னை நிறுத்திய அன்று நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அன்று காலையில் சலீம் நானா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

சலீம் நானாதான் எங்கள் ஹோட்டலின் பெரிய சமையற்காரர். முதலாளியே அவரிடம் மெதுவாகத்தான் பேசுவார். தலையில் ஒரு துவாய், இடுப்பில் மடித்துக் கட்டிய சாரம். குசினிக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருந்தது. தட்டுகள் அந்த ஜன்னலால்தான் வெளியே வரும். நானா அந்த ஜன்னலைத் தாண்டி மண்டபத்துக்குள் வந்ததே இல்லை. "நான் அங்க வந்தா அடுப்பு யாரப் பாத்து எரியும்?" என்பார். கறியை ருசி பார்க்கும்போது அகப்பையிலிருந்து ஒரு சொட்டை இடது கையில் பெருவிரலுக்குக் கீழே விட்டு நக்குவார். நக்கிவிட்டுக் கண்ணை மூடுவார். கண்ணைத் திறக்கும்வரை நாங்கள் ஒருவரும் மூச்சு விட மாட்டோம்.

அன்று அவர் கேட்டார்: "ராசு, ஒருத்தர் வந்து ஒறப்பா வேணும்னு சொன்னா நீ என்ன கேப்ப?"

"எவ்வளவு ஒறப்புன்னு கேப்பேன் நானா."

"கேக்காதே! நாலு பேருக்கு முன்னால எந்த ஆம்பிளையும் கொஞ்சமாப் போடுங்கன்னு சொல்ல மாட்டான். வாய் பொய் சொல்லும். காது சொல்லாது. காதப் பாரு."

பிறகு அவருடைய முறையைச் சொல்லித் தந்தார். உறைப்புக் கேட்கிறவருக்கு முதலில் ஒரு சின்னப் பீரிசுத் தட்டில் கட்டச் சம்பலும் ஒரு துண்டு பேக்கரி ரோஸ் பாணும் வைக்க வேண்டும். காய்ந்த மிளகாய், மாசிக் கருவாடு, சின்ன வெங்காயம், உப்பு எல்லாம் சேர்த்து இடித்துத் தேசிக்காய் பிழிந்த சம்பல் அது. சோதனை என்று காட்டிக்கொள்ளக் கூடாது. "ஓடர் வர கொஞ்சம் நேரமாகும், அதுவரைக்கும் இதச் சாப்பிடுங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, பக்கத்து மேசையைத் துடைக்கப் போய்விட வேண்டும். துடைத்துக்கொண்டே கடைக்கண்ணால் பார்க்க வேண்டும். காது நுனி சிவந்தால் உறைப்பு ஏறுகிறது. வாயால் மூச்சு விட்டால் எல்லைக்குக் கிட்ட. உச்சந்தலையைச் சொறிந்தால் வேர்க்கத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான் அவருடைய எல்லை. ஒன்றும் நடக்காமல் பாண் துண்டால் பீரிசைத் துடைத்துச் சாப்பிட்டால் அவர்தான் உண்மையான ஆள்.

அதைக் குசினிக்குக் கத்திச் சொல்லக் கூடாது. வாடிக்கையாளருக்கு வெட்கம் வரும். வெறும் பீரிசைக் கொண்டுபோய் ஜன்னலில் வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் 'கண்ணுக்கு மட்டும் உறைப்பு' என்று அர்த்தம். விதை எடுத்த மிளகாயை எண்ணெயில் போட்டால் கறி நெருப்பு மாதிரிச் சிவப்பாக வரும், ஆனால் சின்னப் பிள்ளைகூடச் சாப்பிடலாம். நிமிர்த்தி வைத்தால் கேட்டபடியே உறைப்பு. நிமிர்த்தி அதில் ஒரு பச்சைக் கொச்சி மிளகாயை வைத்தால் அதற்கும் மேல்; நானா புருவத்தை உயர்த்தி, ஜன்னலால் எட்டி அந்த ஆளை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

இது எவ்வளவு வேலை செய்தது தெரியுமா! கொழும்பிலிருந்து ஒரு வான் நிறைய இளம் பையன்கள் வந்தார்கள். ஒருவன் எழுந்து நின்று, "இருக்கிறதிலயே ஒறப்பான சிக்கன் டெவல் ஒண்ணு போடுங்க அண்ணே, மாத்தளை எப்படின்னு பாப்போம்" என்றான். சம்பல் வைத்தேன். இரண்டாவது வாயிலேயே காது செம்பருத்திப் பூ! பீரிசைக் கவிழ்த்தேன். இரத்தச் சிவப்பில் டெவல் வந்தது. முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா உங்க ஊரு ஒறப்பு?" என்று மேசையைத் தட்டினான். கூட்டாளிகள் கை தட்டினார்கள். ஜன்னலுக்குப் பின்னால் சலீம் நானா துவாயை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கியதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

இன்னொரு நாள் நாவுலையிலிருந்து மரக்கறி கொண்டுவந்த ஒரு புருஷனும் பெண்சாதியும். புருஷன் சொன்னார், "எனக்கு நல்லா ஒறப்பா, இவங்களுக்கு ஒறப்புக் கொறவா, இவங்க தாங்க மாட்டாங்க." சம்பலை நடுவில் வைத்தேன். புருஷன் ஒரு விரல் நுனி தொட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். அந்த அம்மா பீரிசையே வெறுமையாக்கிவிட்டார். புருஷனுக்கு ஒரு பீரிசைக் கவிழ்த்தும் அம்மாவுக்கு ஒன்றை நிமிர்த்தியும் ஜன்னலில் வைத்தேன். பார்வைக்கு மட்டும் சிவந்த தட்டு அவருக்கு, சாதாரணமாகத் தெரிந்த உறைப்புத் தட்டு அம்மாவுக்கு. அந்த அம்மா முதல் வாய் வைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க நல்லா இருக்கணும்" என்றார். புருஷன், "ஏன், என்னத்துக்கு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, நீங்க சாப்பிடுங்க" என்றார் அந்த அம்மா!

இப்படி இருந்த எங்களுக்குத்தான் ஹாஜியார் வந்து சேர்ந்தார்.

ஹாஜியார் என்றால் பல்லேபொலையில் மிளகு, ஏலம், கராம்பு, சாதிக்காய் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற வியாபாரி. பழைய வாடிக்கையாளர். மூட்டையை அவிழ்த்து ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனால் போதும், எந்தப் பக்கத்துச் சரக்கு, வெயிலில் காய்ந்ததா புகையில் காய்ந்ததா என்று சொல்லிவிடுவார். பல்லேகமப் பக்கமிருந்துகூட அவரைத் தேடி மூட்டை வரும். சாப்பாட்டில் மட்டும் அவர் மிதமான ஆள். கூட உறைப்பு என்று அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை.

கொரோனா வந்து போய், கடைகள் எல்லாம் பழையபடி திறந்த காலம் அது. ஒருநாள் மத்தியானம் வந்து உட்கார்ந்தார். "தம்பி ராசு, சோறும் கோழியும். ஒறப்பாப் போடச் சொல்லு. நல்லா ஒறப்பா."

ஹாஜியாருக்கா! சம்பல் வைத்தேன். காது சிவந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, தலை வேர்த்தது. எல்லா அடையாளமும் சரியாக இருந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. பீரிசை என் பக்கம் தள்ளி, "இன்னும் கொஞ்சம்" என்றார். முகத்தைப் பார்த்தேன். வீராப்புக் காட்டுகிற முகம் இல்லை. தூரத்தில் பஸ் வருகிறதா என்று காது கொடுக்கிறவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

பீரிசைக் கவிழ்ப்பதா நிமிர்த்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. முதல் முறையாக அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். "என்னடா?" என்றார் நானா. "காது ஒண்ணு சொல்லுது, ஆள் வேற சொல்றாரு நானா" என்றேன். நானா எட்டிப் பார்த்துவிட்டு, பீரிசை நிமிர்த்தி வைத்தால் என்ன அளவோ அந்த அளவுக்குச் சமைத்துக் கொடுத்தார்.

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் நேற்றைவிடக் கூடக் கேட்டார். ஒருநாள் நானா அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். "நான் மனுசனுக்குச் சமைக்கிறவன். இது மனுசன் வயித்துக்குள்ள போற சாமான் இல்ல. என்னன்னு கேட்டுட்டு வா, அதுவரைக்கும் தட்டு வராது."

கேட்டேன். ஹாஜியார் சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் குனியச் சொன்னார்.

"எனக்கு மணம் தெரியல்ல தம்பி. அந்தக் காய்ச்சலோட போனது. ருசியும் போச்சு. சோறு வாயில மரத்தூள் மாதிரி இருக்குது. ஒறப்பு மட்டும்தான் வருது. அது எரியிறப்பதான் நான் ஏதோ சாப்பிடறேன்னு தெரியுது."

தண்ணீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"கடையில யாருக்கும் தெரியாது. ஏலத்தக் குலுக்கிச் சத்தம் கேக்கிறன். மிளகக் கடிச்சுப் பாத்து, எரியிறத வச்சுச் சமாளிக்கிறன். மூட்டை கொண்டு வாற ஏழை சனத்துக்கு நான் வெலயக் கொறச்சுச் சொல்லியும் போகலாம், கூட்டிச் சொல்லியும் போகலாம். அது பாவம்தானே? இந்த மிளகு சீசன் முடியிறதுக்குள்ள மணம் திரும்பி வராட்டி, கடைய மச்சான் கையில குடுத்துட்டு வீட்டோட இருக்கப் போறன். சலீமுக்கு மட்டும் சொல்லு. வேற யாருக்கும் வேணாம்."

நானாவிடம் சொன்னேன். அவர் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றார். பிறகு திரும்பி, "ஒறப்ப இனிக் கூட்ட மாட்டேன். மணத்தக் கூட்டப் போறேன்" என்றார்.

பிள்ளைகளே, அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது! ஒருநாள் ரம்பை இலையும் கறிவேப்பிலையும் கருவாட்டோடு தாளித்தார். ஒருநாள் சாதிக்காயைச் சுற்றி இருக்கும் வசுவாசியை நெருப்பில் வாட்டி இறைச்சியில் போட்டார். ஒருநாள் கறுவாப்பட்டையை அம்மியில் உடைத்து அப்படியே நெய்யில். தட்டை மூடியால் மூடித்தான் ஜன்னலில் வைப்பார். நான் அதைக் கொண்டுபோய், ஹாஜியாரின் முகத்துக்கு நேராக வைத்து மூடியைத் திறப்பேன். ஆவி மேலே போகும். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்து, "அது என்ன, எங்களுக்கும் அதையே போடுங்க" என்பார்கள். ஹாஜியார் கண்ணை மூடி இழுப்பார். நான் நிற்பேன். ஜன்னலுக்குப் பின்னால் நானா நிற்பார். ஹாஜியார் இல்லை என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவார். "ஒறப்பப் போடச் சொல்லு தம்பி" என்று சோற்றைப் பிசைவார்.

மிளகு சீசன் முடிந்துகொண்டு வந்தது.

ஒரு பௌர்ணமிப் போயா நாள். கோயிலுக்கும் விகாரைக்கும் போய் வருகிற சனம், ஹோட்டலில் நிற்க இடமில்லை. காலையிலிருந்து குசினியில் காய்ந்த மிளகாய் பொரித்ததில் எங்கள் எல்லோருக்கும் மூக்கு அடைத்துப்போயிருந்தது. ஹாஜியார் வந்தார். அன்று நானாவுக்கு மணம் கூட்டிச் சமைக்க நேரமில்லை. சோறு, பருப்பு, உறைப்பாக ஒரு கோழி, அவ்வளவுதான். மூடிகூட இல்லாமல் கொண்டுபோய் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

"தம்பி!"

திரும்பினேன். ஹாஜியார் பருப்பு பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடி அசையாமல் இருந்தார்.

"பருப்பு அடிப்பிடிச்சிருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! "ஹாஜியார்! வந்துடுச்சா!" என்று கத்தியே விட்டேன். அவர் மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். 

"கத்தாதே. டாக்டர் சொல்லி இருக்காரு, பொய் வாடை வரும்னு. இல்லாத கருகல் மணமெல்லாம் வருமாம். போன கிழமை வீட்டில ஒண்ணும் எரியாமலே எனக்கு எரிஞ்சுது. ஓடிப்போய்ப் பாத்தா அடுப்பே பத்த வைக்கல்ல. நீ மணந்து பாத்துச் சொல்லு. என்னச் சமாளிக்கிறதுக்காகச் சொல்லாதே."

தட்டை எடுத்து மணந்தேன். மிளகாய்ப் புகை அடைத்த மூக்கில் என்ன தெரியும்? தேங்காய்ப்பால் மணம் மாதிரி ஒன்று, தாளித்த வெங்காயம் மாதிரி ஒன்று. மண்டபம் முழுக்க அதே பருப்பைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நிறத்தில் வித்தியாசமே இல்லை. "ஆமா ஹாஜியார்" என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அந்த மனிதர் கேட்டது அதை இல்லையே. "இருங்க, கேட்டுட்டு வாறேன்" என்று குசினிக்கு ஓடினேன்.

"நானா, பருப்பு அடிப்பிடிச்சிருக்குன்னு ஹாஜியார் சொல்றாரு."

"யாருட சட்டி? என்ட சட்டியா?" நானாவுக்குக் கோபம் பொங்கியது. "நான் சமைக்கத் தொடங்கின நாளிலிருந்து என்ட சட்டி பிடிச்சதில்ல. போய்ச் சொல்லு!"

"அப்படின்னா அது பொய் வாடை நானா. அவருக்கு மூக்கு வரல்ல."

நானா அடுப்புப் பக்கம் திரும்பினார். சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் சட்டியைப் பார்த்தார்.

"யா அல்லாஹ், என்ன சோதனை இது! என்ட சட்டி கருகி இருக்கணும்னு நானே துஆ கேக்க வேண்டி இருக்கே!"

பெரிய அலுமினியச் சட்டி. நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பருப்பு முழுவதையும் வேறு பாத்திரத்தில் ஊற்றினோம். கடைசி மஞ்சள் படலம் அடியில் கிடந்தது. அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை. நானா அகப்பையை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். மஞ்சள்தான். இன்னொரு இழுப்பு. மஞ்சள்.  மூன்றாவது முறை, விளிம்பு ஓரமாக அழுத்தி இழுத்தார். கர்ர்ர் என்றது.

கறுப்பு! உள்ளங்கை அகலத்துக்குக் கன்னங்கரேல் என்று ஒட்டிப் பிடித்த கறுப்பு!

"கருகல்!" என்று கத்தினார் சலீம் நானா. "ராசு, கருகல்டா! சுத்தக் கருகல்!"

சட்டியை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, ஒருநாளும் தாண்டாத குசினி வாசலைத் தாண்டி மண்டபத்துக்குள் ஓடினார். சாரம் அவிழப் பார்த்தது. அதைப் பற்றிக் கவலையே இல்லை. சனம் எல்லாம் கையில் சோற்றோடு பார்த்துக்கொண்டிருந்தது. ஹாஜியாரின் மேசையில் சட்டியைத் தொம் என்று வைத்தார்.

"பாருங்க ஹாஜியார்! புடிச்சிருக்கு! என்ட சட்டி புடிச்சிருக்கு!"

ஹாஜியார் எழுந்தார். சட்டிக்குள் முகத்தைக் கிட்டத்தட்ட நுழைத்து ஒரு இழுப்பு இழுத்தார். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் பருப்பு. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.  இரண்டு பேரும் அந்தச் சட்டிக்கு மேலாகக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

மூலை மேசையில் இருந்த பஸ் டிரைவர் ஒருவர் கையைத் தூக்கினார். "அப்ப இவ்வளவு நேரமும் நாங்க கருகலையா சாப்பிட்டோம்?"

"மூக்கு இருந்தும் உங்களுக்குத் தெரியல்லதானே, சாப்பிடுங்க!" என்றார் நானா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. மண்டபமே சிரித்தது.

ஹாஜியார் திரும்ப உட்கார்ந்து கோழியைப் பிய்த்து வாயில் வைத்தார். மென்றார். கண் பெரிதாகியது. "தண்ணி, தண்ணி!" என்றார். "என்ன சலீம் இது, ஒறப்பா நெருப்பா? மனுசனுக்கு இப்படியா குடுக்கிறது?"

"நீங்கதானே கேட்டீங்க!"

"நான் கேட்டா நீங்க குடுக்கிறதா? ராசு, கொஞ்சம் தயிர் கொண்டு வா!"

தயிர் கொண்டுபோனபோது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து உடைத்து மூக்கருகே வைத்திருந்தார். "வருதா?" என்று கேட்டேன். "தூரத்தில தம்பி. நாலு வீட்டுக்கு அப்பால யாரோ ஏலம் இடிக்கிற மாதிரி. ஆனா வருது" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் அந்த வீடு கிட்ட வந்துகொண்டே இருந்தது. கடையை மச்சானுக்குக் கொடுக்கவில்லை. எங்கள் ஹோட்டலில் உறைப்புக் கூடக் கேட்கவும் இல்லை.

இதுதான், மகனே, உறைப்பாக வேண்டும் என்று ஒரு மனிதன் கேட்ட கதை. மூன்று மிளகாய்ப் படத்தில் அவர் எதை அழுத்தியிருப்பார், சொல்லு பார்ப்போம்.

அன்று பின்னேரம் கூட்டம் கலைந்தது. நானா குசினிப் படியில் துவாயை விரித்துப் படுத்துக் குறட்டை விட்டார். மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். கருகலைக் கண்டுபிடிக்காத என் மூக்கு நினைவுக்கு வந்தது; நான் ஸ்டோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கறுவாப்பட்டை இருந்த தகரப் பேணியைத் திறந்து, கண்ணை மூடி, மூக்கை வைத்தேன். பிறகு கராம்பு. பிறகு ஏலம். பெருஞ்சீரகம், வெந்தயம், மாசி, மூலையில் இருந்த கருவாட்டுப் பெட்டி வரைக்கும் ஒன்றைக்கூட விடவில்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாக மணந்தது. எல்லா மூடிகளையும் இறுக்கினேன். கதவுவரை போனேன். திரும்பி வந்து கறுவாப் பேணியை இன்னொரு முறை திறந்தேன்.